நாய் பார்க்கும் நிறமும் நான் பார்க்கும் நிறமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் ஏதாவது பேசுப்பா. ஆனா உன் கம்பெனியைப் பத்திப் பேசாதே, எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க" என்றார். சரி, மிருகங்களின் கண்ணைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிச்சே?" என்று கேட்டார். ஆமாம், எலெக்ட்ரானிக்ஸ்தான். அந்த எலெக்ட்ரானிக்ஸ் லேபில்தான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு வாக்குமூலம். எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது. பிறவியிலிருந்தே அப்படி. இந்த மண்டபத்தில் என் வகுப்புத் தோழர்கள் நாலைந்து பேருக்கு மட்டும் இது தெரியும். மற்றவர்களுக்கு இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் துறைக்காரர்களுக்கு ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகள் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெசிஸ்டர் என்பது நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு சாமான். மதிப்பை எண்ணால் எழுத இடம் போதாது என்று நிறப் பட்டைகளாகப் போட்டிருப்பார்கள். பிரவுன், கறுப்பு, சிவப்பு என்றால் 1,000 ஓம். பிரவுன், கறுப்பு, பச்சை என்றால் 10 லட்சம் ஓம். ஒரு பட்டையில் சிவப்புக்குப் பதில் பச்சை வந்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம்! எனக்கோ பிரவுன், சிவப்பு, பச்சை மூன்றும் ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி. என் லேப் பார்ட்னர் பக்கத்தில் நின்று, "டேய், இது ஒன் கே. அது ஒன் மெக், கீழே வை" என்று காதோடு சொல்லிக்கொண்டே இருப்பான். நாலு வருஷமும் அவன் கண்ணை வைத்துத்தான் நான் சர்க்யூட் போட்டேன்.

செய்முறைத் தேர்வில் பார்ட்னர் கிடையாது. நான் ஒவ்வொரு ரெசிஸ்டராக எடுத்து மல்டிமீட்டரில் அளந்து அளந்து வைத்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் அதிலேயே போய்விட்டது. இதை லேப் அட்டெண்டர் அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இறுதியாண்டில் ஒரு நல்ல வேலைக்கு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் தாண்டினேன். மருத்துவப் பரிசோதனையில் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். "என்ன நம்பர் தெரியுது?" ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பக்கம். தெரியவில்லை. நாலாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "யூ கேன் கோ" என்றார்கள். ஊருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, வேலை போன வருத்தத்தைவிட ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்தது. எல்லாரும் பார்ப்பதை நான் பார்க்கவில்லை என்றால், பிறகு நான் பார்ப்பது என்ன? இப்படிப் பார்க்கிற ஜீவன் வேறு ஏதாவது உண்டா?

அடுத்த வாரம் நம் கல்லூரி நூலகத்தில் தேடிப் பார்த்தேன். பதில் கிடைத்தது. உண்டு. நாய்!

சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து கண்ணைப் பற்றிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

நம் விழித்திரையில் இரண்டு வகை உணரிகள் உண்டு. மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள், சுமார் 12 கோடி. பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள், சுமார் 60 லட்சம். கூம்புகள் மூன்று ரகம். ஒன்று குறுகிய அலைநீளத்துக்கு, அதாவது ஊதாநீலப் பக்கம், சுமார் 420 நானோமீட்டரில் அதிகமாகத் துடிக்கும். இன்னொன்று 530ஐ ஒட்டி. மூன்றாவது 560ஐ ஒட்டி.

இங்கே ஒரு நுணுக்கம். ஒரு கூம்புக்குத் தனியாக நிறமே தெரியாது. அது மூளைக்கு அனுப்புவது ஒரே ஒரு அளவுதான். மங்கலான மஞ்சளும் பளிச்சென்ற நீலமும் ஒரே அளவைத் தந்துவிடலாம். இரண்டு ரகக் கூம்புகளின் அளவை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நிறம் என்ற ஒன்றே பிறக்கிறது. ஆக, நிறம் என்பது பொருளின் மேல் பூசியிருக்கிற சமாச்சாரம் அல்ல, கண்ணும் மூளையும் போடுகிற ஒரு கணக்கு. எத்தனை ரகக் கூம்போ, அதற்குத் தகுந்த கணக்கு.

எனக்கு அந்த 530 ரகம் இல்லை. மீதி இரண்டுதான். 1989ல் அமெரிக்காவில் நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் என்ற மூவர் நாய்களைப் பழக்கி அளந்து பார்த்தார்கள். நாய்க்கு இரண்டு கூம்புகள், ஒன்று 429, மற்றது 555. கிட்டத்தட்ட என்னுடைய எண்களேதான். நாய்க்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும் என்று இன்னும் பலர் சொல்வார்கள். அது தவறு. அதற்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தை வீசிவிட்டு "எடுத்துட்டு வா" என்றால் அது மூக்கால்தான் தேடும். நீலப் பந்தை வீசிப் பாருங்கள், நேராக ஓடும்.

மாட்டுக்கும் இரண்டு கூம்புதான். ஸ்பெயின் நாட்டு எருதுச் சண்டையில் காளை மிரளுவது துணியின் சிவப்பைப் பார்த்து அல்ல, துணி ஆடுவதைப் பார்த்து.

இந்தக் குறையை முதலில் தெளிவாக விவரித்து எழுதியவர் யார் தெரியுமா? நாம் எல்லாரும் ஒன்பதாம் வகுப்பில் படித்த அணுக்கொள்கைக்காரர் ஜான் டால்டன். 1792ல் ஒரு ஜெரேனியம் பூவைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அவருக்கு அது வானநீலமாகத் தெரிந்தது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. மற்றவர்களைக் கேட்டால், "அப்படி ஒன்றும் மாறவில்லையே" என்கிறார்கள். அவருடைய சகோதரர் மட்டும், "எனக்கும் அப்படித்தான்" என்றார். 1794ல் மான்செஸ்டரில் இதை ஒரு கட்டுரையாகப் படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலச்சாயம் கலந்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். செத்த பிறகு அறுத்துப் பாருங்கள் என்று சொல்லி வைத்தார். 1844ல் இறந்ததும் அப்படியே பார்த்தார்கள். திரவம் தெளிவாகத்தான் இருந்தது. ஊகம் தப்பு. ஆனால் அந்தக் கண்ணைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 150 ஆண்டுகள் கழித்து அதிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து, 1995ல் முடிவு வந்தது. டால்டனுக்கும் நடு ரகக் கூம்பு இல்லை. என் ரகம்தான்! நாயைப் பற்றிப் படித்து அடிபட்ட மனசுக்கு இது கொஞ்சம் ஒத்தடமாக இருந்தது.

சரி, மற்ற ஜீவன்களுக்கு நிறம் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாயால் சொல்லாதே! இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்ல் ஃபான் ஹெஸ் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், தேனீக்கு நிறமே தெரியாது என்று அடித்துச் சொன்னார். கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற இளைஞருக்கு அதில் நம்பிக்கை இல்லை. பூ எதற்கு இவ்வளவு நிறமாக இருக்கிறது, பின்னே? அவர் ஒரு மேஜையில் நீல அட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். அப்புறம் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பலவித சாம்பல் நிற அட்டைகளைப் பரப்பி, நடுவே ஒரு புது நீல அட்டையைச் சர்க்கரை இல்லாமல் வைத்தார். தேனீக்கு நிறம் தெரியாது, வெளிச்ச அளவுதான் தெரியும் என்றால், நீலத்துக்குச் சமமான ஏதோ ஒரு சாம்பல் அட்டையோடு அது குழம்பியே ஆக வேண்டும். குழம்பவில்லை. நேராக நீலத்தில் போய் உட்கார்ந்தது. 1914ல் இதை வெளியிட்டார். அவருக்கு 1973ல் நோபல் பரிசு கிடைத்தது.

தேனீக்கும் மூன்று ரக உணரிகள்தான், ஆனால் நம் மூன்று அல்ல. பச்சை, நீலம், புற ஊதா. சிவப்பு அதற்குத் தெரியாது. நம் கண்ணுக்கு வெறும் மஞ்சளாகத் தெரிகிற பல பூக்களில், புற ஊதாவில் பார்த்தால் நடுவே இருட்டாக ஒரு வட்டம் இருக்கும். தேன் இங்கே என்று காட்டுகிற அடையாளம். நமக்குத் தெரியாது, யாருக்குத் தெரிய வேண்டுமோ அதற்குத் தெரியும். பகலில் திரியும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு நாலு ரகக் கூம்பு. நம் டிவி திரையும் போன் திரையும் மூன்று ரகக் கூம்புக்கு என்று கணக்குப் போட்டுச் செய்த ஏமாற்று. சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் வைத்து நமக்கு மஞ்சள் என்று காட்டும். கிளிக்கு அந்த ஏமாற்று செல்லாது.

ஃபிரிஷ் சோதனையில் இருக்கும் தந்திரத்தைக் கவனியுங்கள். வெளிச்ச அளவைக் கலைத்துப்போட்டுவிட்டு நிறத்தை மட்டும் விட்டு வைப்பது. மூன்று ஆண்டு கழித்து, 1917ல், ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் புத்தகமும் அதே தந்திரம்தான். புள்ளிகள் சிறிதும் பெரிதும், வெளிறியதும் அடர்ந்ததுமாக இருக்கும், எண்ணை நிறம் ஒன்றால்தான் கண்டுபிடிக்க முடியும். என்னை வீட்டுக்கு அனுப்பிய புத்தகம் அதுதான். தேனீ பாஸ் பண்ணிய மாதிரியான பரீட்சையில் நான் ஃபெயில்!

இதுவரை நிறம். ஆனால் பார்வை என்றால் நிறம் மட்டுமா? படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. எல்லா வசதியும் உள்ள கண் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. நம் தொழிலில் பட்ஜெட் என்று ஒன்று உண்டு அல்லவா? ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். கண்ணிலும் அதே கதைதான்.

கூர்மையை எடுத்துக்கொள்வோம். நல்ல மனிதக் கண் ஒரு டிகிரியில் 60ல் ஒரு பங்கு விலகியிருக்கும் இரண்டு கோடுகளைப் பிரித்துப் பார்க்கும். கழுகுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். தேனீக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி, அதாவது நம்மைவிட 60 மடங்கு மோசம். பூனையும் நாயும் நம்மைவிடப் பல மடங்கு மங்கல். அந்த வகையில் பாலூட்டிகளில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் அதற்கு விலை? இருட்டில் நாம் தடுமாறுவோம். பூனைக்கு விழித்திரையின் பின்னால் ஒரு கண்ணாடிப் படலம் இருக்கிறது. முதல் தடவை தப்பிப் போன ஒளியைத் திருப்பி அனுப்பி இரண்டாவது வாய்ப்பு கொடுக்கும். ராத்திரி கார் விளக்கில் மாட்டின் கண் பளபளப்பதும் இதனால்தான். நமக்குத் தேவைப்படுகிற வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு பூனைக்குப் போதும். ஆனால் திரும்பி வரும் ஒளி கொஞ்சம் சிதறும், அதனால் கூர்மை போகும். இருட்டில் எலி பிடிக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகிற விலைதான். மனிதக் கண்ணிலேயே இந்த விலை தெரியும். கூர்மையான நடுப்புள்ளியில் குச்சி செல்லே கிடையாது. ராத்திரி மொட்டை மாடியில் ஒரு மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பாருங்கள், மறைந்துவிடும். சற்றே பக்கத்தில் பாருங்கள், தெரியும்.

ஆட்டின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? பாவை படுக்கைவாட்டில் கோடு மாதிரி இருக்கும். பூனைக்கு நெட்டுக்குத்தாக இருக்கும். 2015ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பேங்க்ஸும் அவர் கூட்டாளிகளும் 214 தரைவாழ் இனங்களை ஒப்பிட்டார்கள். மேய்கிறவற்றுக்குப் பெரும்பாலும் படுக்கை, தரையோடு பதுங்கிப் பாய்கிறவற்றுக்குப் பெரும்பாலும் நெட்டுக்குத்து. படுக்கைக் கோடு தரை ஓரமாக எந்தத் திசையில் எது வந்தாலும் காட்டிக் கொடுக்கும். சரி, ஆடு குனிந்து மேய்கிறபோது கோடு செங்குத்தாகிவிடாதா? அங்கேதான் வேடிக்கை. தலை குனியக் குனிய, கண் குழிக்குள் விழியே சுழன்று, கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்ளும். நாம் எவ்வளவோ பணம் செலவழித்து கேமராவுக்கு ஜிம்பல் போடுகிறோம். ஆட்டுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது!

வேகத்தை எடுத்துக்கொண்டால், நமக்கு வினாடிக்கு 60 முறை அளவில் அணைந்து எரியும் விளக்கு தொடர்ந்து எரிவதாகத் தோன்றிவிடும். ஈக்கு 200க்கு மேல் போனால்தான் அப்படித் தோன்றும். பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். நமக்குத் தெரியாது, ஈக்கு அது தீபாவளி. நீங்கள் கையை ஓங்குவதும் அதற்குச் சாவகாசமாகத்தான் தெரியும்.

தவளையின் கண்ணைப் பற்றி 1959ல் லெட்வின், மட்டுரானா, மெக்குலோக், பிட்ஸ் நால்வரும் எழுதிய கட்டுரை பிரசித்தம். அது வெளிவந்தது உயிரியல் இதழில் அல்ல, ரேடியோ எஞ்சினியர்களின் சங்க இதழில்! அந்தச் சங்கம்தான் பின்னால் இன்னொரு சங்கத்தோடு சேர்ந்து ஐ.இ.இ.இ. ஆயிற்று. தவளையின் கண் மூளைக்குப் படம் அனுப்புவதில்லை, சேதி அனுப்புகிறது என்று காட்டினார்கள். சின்னதாக, கறுப்பாக, நகர்கிற ஒன்று வந்தால் ஒரு நரம்பு துடிக்கும். ஆக, சுற்றிலும் செத்த ஈக்களைக் குவித்து வைத்தாலும் தவளை பட்டினி கிடக்கும். நகராதது அதற்குச் சாப்பாடு இல்லை. நமக்கு மட்டும் என்ன? 12 கோடிக்கு மேல் உணரிகள், மூளைக்குப் போவது சுமார் 10 லட்சம் நரம்பிழைகள். நம் கண்ணும் சுருக்கித்தான் அனுப்புகிறது.

அப்படியானால் உணரி ரகங்களைக் கூட்டிக்கொண்டே போனால் நல்லதா? மான்டிஸ் இறால் என்று ஒரு கடல் பிராணி, கும்பிடுபூச்சி மாதிரி முன்கையை மடக்கி வைத்திருக்கும். அதற்கு நிறம் பார்க்க மட்டும் 12 ரக உணரிகள். பார்க்காத நிறமே இருக்காது என்று எல்லாரும் நினைத்தார்கள். 2014ல் பரிசோதித்தால், பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பிரிப்பதில் அது நம்மைவிட மோசம். ஒப்பிட்டுக் கணக்குப் போட மூளைக்குச் செலவாகும். அது கணக்கைச் சுருக்கிவிட்டு, சட்டென்று அடையாளம் கண்டு அடிக்கிற வேலையைப் பார்ப்பதாகத் தெரிகிறது. மெக்சிகோவின் குகைகளில் ஒரு மீன் இனம் கண்ணையே விட்டுவிட்டது. அதே இனத்தின் கண்ணுள்ள மீனில், ஒரு கிராம் எடையுள்ள குஞ்சு, சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் 15 சதவீதம் பார்வைக்கே போகிறது என்று 2015ல் கணக்கிட்டார்கள். இருட்டுக் குகையில் அது தண்டச் செலவுதானே!

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டு கூம்புதான். டைனோசர் காலத்தில் நம் மூதாதைகள் ராத்திரியில் பதுங்கித் திரிந்தபோது, நிறத்தைக் குறைத்துக்கொண்டு இருட்டுப் பார்வையைக் கூட்டிக்கொண்டார்கள் என்கிறார்கள். 3 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளின் பொது மூதாதையிடம் எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு இரட்டித்து, கொஞ்சம் மாறி, மூன்றாவது கூம்பு வந்தது. பச்சை இலைக்கு நடுவே பழுத்த பழமும் சிவந்த தளிரும் சட்டென்று தெரிவது அதன் லாபம் என்பது பலர் ஒப்புக்கொள்கிற விளக்கம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்தது. மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறிக்க அனுப்பும். நான் பாதிக்குப் பாதி காயைப் பறித்துக்கொண்டு வருவேன். "ஏண்டா பேராண்டி, பழத்தைப் பறிக்கச் சொன்னா காயைப் பறிச்சுட்டு வர்றியே, கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று திட்டும். அப்பத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு இல்லாமல் போனது சரியாக அந்தப் பழம் பறிக்கிற கூம்புதான்!

அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அம்மா வழியாகப் பையனுக்கு வரும். பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் காப்பாற்றிவிடும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100க்கு 8 பேருக்குச் சிவப்பு பச்சைக் குறை உண்டு, பெண்களில் 200க்கு ஒருவருக்கு. மற்ற மக்களிடம் சற்றுக் குறைவு.

இது முழு நஷ்டமும் அல்ல. 1992ல் மார்கன், ஆடம், மாலன் மூவரும், நிறத்தால் குழப்பி ஒளித்து வைத்த உருவங்களை என் மாதிரி ஆட்கள் கண்டுபிடிப்பதையும், மூன்று கூம்புக்காரர்கள் கோட்டை விடுவதையும் காட்டினார்கள். கோஸ்டாரிகா காட்டில் கப்புச்சின் குரங்குகளில் இரண்டு கூம்புக் குரங்குகள், ஒளிந்திருக்கும் பூச்சிகளைப் பிடிப்பதில் கெட்டி என்று 2007ல் எழுதினார்கள். ஆனால் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. புலியைப் பாருங்கள். நமக்கு ஆரஞ்சாகப் பளிச்சென்று தெரிகிறது. மானுக்கு இரண்டு கூம்பு, அதற்குப் புலி புல்லின் நிறம். எனக்கும் அப்படித்தான். காட்டில் என்னை விட்டால் பூச்சி பிடிப்பேன், ஆனால் புலியிடம் மாட்டிக்கொள்வேன்!

காட்டில் புலி. நம் தொழிலில் என்ன தெரியுமா? விளக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு தொழிற்சாலையில் பேனலைத் திறந்து ஒரு வேலை பார்க்க வேண்டும். அதில் ஒரே ஒரு சின்ன எல்.இ.டி. மின்சாரம் ஓடினால் சிவப்பு, துண்டித்திருந்தால் பச்சை, இரண்டும் அதே விளக்கில். நான் பார்த்தேன், பச்சை என்று நினைத்தேன், கையை உள்ளே நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு சீனியர் டெக்னீஷியன் என் காலரைப் பிடித்துத் தரையில் தள்ளிவிட்டார். உள்ளே 440 வோல்ட். டெஸ்டர் வைத்துப் பார்க்காதது என் தவறு, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் நிறம் ஒன்றை மட்டும் நம்பி அந்த விளக்கை வைத்தவரும் ஒரு எஞ்சினியர்தான். உலகத்தில் எல்லாருக்கும் தன் கண்தான் இருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார். நூறு ஆண்களில் சிலருக்கு அது இல்லை.

1875ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். அதற்கு நிறக்குறையே காரணம் என்று ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் வாதாடி, ரயில்வேக்காரர்களுக்குக் கம்பளி நூல் சோதனையைக் கொண்டுவந்தார். அந்த விபத்துக்கு அதுதான் காரணமா என்று பின்னால் சந்தேகம் எழுந்தது. ஆனால் ஆட்களை வடிகட்டும் வழக்கம் நிலைத்துவிட்டது. சில வேலைகளுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆளை வடிகட்டுவது ஒரு வழி என்றால், விளக்கை மாற்றுவது இன்னொரு வழி. சாலை சிக்னலைப் பாருங்கள். சிவப்பு மேலே, பச்சை கீழே. அந்த இடத்தை வைத்துத்தான் நான் வண்டி ஓட்டுகிறேன். 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தி, லேசான, மிதமான நிறக்குறை உள்ளவர்களுக்கும் ஓட்டுநர் உரிமம் உண்டு என்றது. 2022 ஏப்ரலில் புனே திரைப்படக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறக்குறை என்று சொல்லி எந்தப் படிப்பிலும் கதவை அடைக்கக் கூடாது என்றது. காலம் கொஞ்சம் மாறுகிறது.

நான் இப்போது செய்கிற எந்தப் பேனலிலும் நிறம் மட்டும் பேசாது. ஓடுகிறது என்றால் இடது பக்க விளக்கு, நின்றுவிட்டது என்றால் வலது பக்க விளக்கு, கீழே எழுத்து. ஒரு பேனலுக்கு ஒரு விளக்கும் ஒரு ஓட்டையும்தான் கூடுதல் செலவு.

என் அக்கா மகன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மரத்துக்குப் பச்சைத் தண்டும் பிரவுன் இலையும் வரைந்தான். டீச்சர், "கிண்டலா?" என்று நோட்டைத் தூக்கிப் போட்டார். வீட்டில் வந்து அழுதான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் அம்மா வழி எக்ஸ்தானே அவனுக்கும் வந்திருக்கும்! அவனுடைய ஒவ்வொரு கிரேயானிலும் ஒரு துண்டு காகிதத்தில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினேன். இன்றைக்கு நன்றாக வரைகிறான். இங்கே பெற்றோர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். பையன் இலைக்கு பிரவுன் அடித்தால் அடிக்காதீர்கள், ஒரு கண் டாக்டரிடம் அந்தப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, வேலை வாசலில் போய் நின்று தெரிந்துகொள்வதைவிட, ஏழு வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

ஒட்டுகிற யோசனை என்னுடையது அல்ல. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

செய்முறைத் தேர்வு முடிந்து அடுத்த வாரம் லேபுக்குப் போனேன். ரெசிஸ்டர்கள் இருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, மதிப்பைப் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது. அட்டெண்டர் அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, எடுத்த டப்பாவிலேயே திருப்பிப் போடணும், சரியா?" என்று மட்டும் சொன்னார். வகுப்பில் எல்லாருக்குமே அது சௌகரியமாகிவிட்டது. யாருக்காக ஒட்டினார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இன்று காலை அந்த லேபுக்குப் போய்ப் பார்த்தேன். அண்ணன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். டப்பாக்கள் புதிது. ஆனால் காகிதம் ஒட்டுகிற வழக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது.